ஃபோர் டெட்டின் அடுப்படி

எங்கள் பெரியம்மாவிடம் வற்றல்குழம்புக்கு அளவு கேட்டால் நேரான பதில் வராது. புளி எவ்வளவு என்றால் எலுமிச்சை அளவு என்பார். எந்த எலுமிச்சை என்று கேட்டால், "கண்ணளவுதான்டி, கையில எடுத்தா தெரியும்" என்று பேச்சை முடித்துவிடுவார். அவருடைய அடுப்படியும் அப்படித்தான். இரண்டு பர்னர் அடுப்பு, அடி கனத்த ஒரு வாணலி, அரைத்து அரைத்து வழவழத்துப் போன அம்மி. குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அடுப்படியை எட்டிப் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும்.

எலக்ட்ரானிக் இசை கேட்கிற கூட்டத்துக்கு இதே ஏமாற்றம் 2017 இல் வந்தது. 'ஃபோர் டெட்' என்ற பெயரில் இசை செய்யும் லண்டன்காரர் கியரன் ஹெப்டன், 'நியூ எனர்ஜி' என்ற தன் ஆல்பத்தை எங்கே, எதை வைத்துச் செய்தேன் பாருங்கள் என்று ஒரு படம் போட்டார். ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் கணினி, ஸ்பீக்கர்கள், இன்னும் சில சின்னச் சாமான்கள். சுவர் முழுக்க சிந்தசைசர் அடுக்கியிருக்கும், விமானியின் அறை மாதிரி விளக்குகள் மினுக்கும் என்று கற்பனை செய்திருந்தவர்களுக்குச் சிரிப்பதா வியப்பதா என்று தெரியவில்லை. படம் ஊரெல்லாம் சுற்றியது.

கைப்பக்குவம் என்று சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் பெரியம்மாவின் பக்கத்திலேயே பத்து நாள் நின்று பார்த்தவள் நான். அந்தக் கைப்பக்குவத்தைப் பிரித்தால் உள்ளே இருப்பது சின்னச் சின்ன முடிவுகள்: எண்ணெய் காய்ந்ததை வாசனையிலேயே பிடிப்பது, சுண்டைக்காய் வற்றல் கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் கரண்டியைப் போடுவது, வெல்லத்தைக் கிள்ளிப் போட்டதும் அடுப்பை அணைப்பது. ஹெப்டனின் மேசையையும் அப்படியே பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் சரக்கு. ஹெப்டனின் அடுப்படியில் காய் விளைவதில்லை, பெரும்பாலும் சந்தையிலிருந்து வருகிறது. பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து ஒரு துண்டு ஓசையை வெட்டி எடுத்துத் தன் இசையில் போடுவதற்கு சாம்ப்ளிங் என்று பெயர். 2003 இல் வந்த 'ரவுண்ட்ஸ்' ஆல்பத்தில் இப்படி எடுத்த துண்டுகள் 200 முதல் 300 வரை இருக்கும். 'ஸ்லோ ஜாம்' என்ற பாட்டில் ஒரு கிட்டார் மட்டும் அவரே வாசித்தது. மற்றபடி ஜாஸ் டிரம்ஸ், யாரோ எப்போதோ மீட்டிய நரம்புகள், மணியோசை, குழந்தைகள் அமுக்கி விளையாடும் கீச்சுப் பொம்மை என்று எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. வீட்டுக் கணினியில், ஆடியோமல்ச், கூல் எடிட் என்ற இரண்டு மென்பொருட்களை வைத்துச் செய்தார். இரண்டும் அன்றைக்கு யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியவை.

"அப்படியானால் இவர் என்னதான் செய்தார்?" என்று கேட்பவர்கள் உண்டு. கத்தரிக்காயை விளைவித்தது நீயா என்று பெரியம்மாவிடம் யாரும் கேட்டதில்லை. ஆனால் சந்தையில் அவர் கத்தரிக்காய் பொறுக்குவதைப் பார்க்க வேண்டும். காம்பைப் பார்ப்பார், அழுத்திப் பார்ப்பார், இருபதில் நாலுதான் பையில் விழும். ஒரு மணி நேர இசைத்தட்டில் இரண்டு நொடியைப் பொறுக்குகிற காதும் அப்படிப்பட்டதுதான். தட்டு சுழலும்போது கிட்டார்க்காரரின் விரல் நரம்பில் உரசும் கீறலோ, அடுத்த சுரம் தொடங்குவதற்கு முன் வரும் மூச்சோ, எது தனியே நின்றாலும் உயிரோடு இருக்கும் என்று அந்தக் காதுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது நறுக்குவது. இதைச் சொல்வதற்கு ஓர் எவர்சில்வர் டம்ளரே போதும். கரண்டியால் டம்ளரின் விளிம்பைத் தட்டி, அந்த ஓசையை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இப்போது அது ஓசை அல்ல, எண்களின் வரிசை. குறுந்தகட்டுத் தரம் என்றால் ஒவ்வொரு நொடிக்கும் 44,100 எண்கள். காற்று எவ்வளவு அழுந்தியது, எவ்வளவு தளர்ந்தது என்று அத்தனை முறை அளந்து குறித்து வைத்திருக்கிறது கருவி. ஓசையைப் பெருக்கிக் காட்டினால் திரையில் ஒரு கோடு மேலும் கீழுமாக அலைவது தெரியும். நடுக்கோட்டை அது தொடுகிற இடத்தில் வெட்டினால் வெட்டியதே தெரியாது. அலை உச்சியில் இருக்கும்போது வெட்டினால் 'டக்' என்று ஒரு சொடுக்கு கேட்கும். அவரைக்காயில் நார் உரிக்காமல் நறுக்கினால் வாயில் தட்டுப்படுமே, அதுபோல. நல்ல சமையல்காரர்கள் நாரை உரிப்பார்கள். ஹெப்டன் உரிக்கத் தெரிந்தும் சில இடங்களில் வேண்டுமென்றே விட்டுவிடுவார். 'ரவுண்ட்ஸ்' ஆல்பத்தில் 'ஷி மூவ்ஸ் ஷி' கேளுங்கள். சாதுவான ஒரு நரம்பிசை போய்க்கொண்டிருக்கும்போதே, முனை மழுங்காத ஓசைத் துண்டுகள் குறுக்கே வந்து விழும். முதல் தடவை கேட்டபோது ஹெட்போன் வயர்தான் போய்விட்டது என்று நினைத்தேன்.

டம்ளருக்கு வருவோம். பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும்: ஓசை இரண்டு மடங்கு நீளும், சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். மேல் ஸட்ஜத்தில் ஒலித்த டம்ளர் நடு ஸட்ஜத்துக்கு வந்துவிடும். இன்னும் பாதியாக்கினால் அது டம்ளரே இல்லை, தூரத்துக் கோயில் மணி. இசைத்தட்டுக் காலத்திலிருந்தே இந்த வித்தை உண்டு. ஆனால் இதில் ஒரு கட்டாயம் இருக்கிறது: நீளமும் சுருதியும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை. சுருதி மாறாமல் நீளம் மட்டும் வேண்டும் என்றால்?

அரிசியை ரவையாக உடைக்க வேண்டும். ஓசையை, நொடியில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குவரை நீளமுள்ள குருணைகளாக உடைக்கிறது மென்பொருள். ஒவ்வொரு குருணைக்குள்ளும் அலைகள் பழைய நெருக்கத்திலேயே இருப்பதால் சுருதி கெடுவதில்லை. அந்தக் குருணைகளை ஒன்றின்மேல் ஒன்று லேசாகப் படியும்படி, சிலவற்றை இரண்டு மூன்று முறை திருப்பிப் போட்டு அடுக்கினால், ஒரு நொடி ஓசை பத்து நொடிக்கு நீளும். வரிசையைக் கலைத்துத் தூவினால் ஓசை மூட்டமாகிவிடும். அரிசி உப்புமாவில் அரிசியின் உருவம் இல்லை, ருசி இருக்கிறது, அதே கதைதான். ஆடியோமல்ச் இந்த உடைக்கிற வேலைக்குப் பேர் போனது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராஸ் பென்சினா என்ற இசைக்காரர் தனி ஆளாக எழுதிய மென்பொருள் அது. தனி ஆள் செய்த அம்மியில் இன்னொரு தனி ஆள் அரைத்திருக்கிறார். அந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த இடத்தில் என் உவமை கொஞ்சம் கெட்டுப்போகிறது. நறுக்கிய தக்காளியை ஒட்டவைக்க முடியாது, போட்ட உப்பை எடுக்க முடியாது. கணினியில் எல்லாவற்றையும் திரும்பப் பெறலாம். ஒரே துண்டை ஆயிரம் முறை போடலாம், போட்டும் அது குறையாது. அதனால் வீட்டிலிருந்து இசை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வியாதி ஒன்றுதான்: அடுப்பை அணைக்கத் தெரியாதது. ஹெப்டனின் திறமையில் பாதி இந்த அணைப்பில் இருக்கிறது என்பது என் எண்ணம். அவர் பாட்டுகளில் எந்த நேரத்திலும் ஒலிக்கிற பொருட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கொதிக்க விடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலக்ட்ரானிக் இசையில் ஒரு சின்னத் துண்டு சுழன்று சுழன்று வருவதைக் கேட்டு, "இதே தானே திரும்பத் திரும்ப வருது" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு அரை நொடி, நாலு அடிச் சுழற்சிக்கு 2 நொடி. ஐந்து நிமிடப் பாட்டில் அது 150 முறை வரும். அடுப்பில் ரசமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. முதல் நிமிடத்து ரசமும் நுரை கட்டும்போது இருக்கிற ரசமும் ஒன்றா? சுழற்சியை அப்படி மாற்றுகிற கருவிகளில் முக்கியமானது ஃபில்டர். உயர்ந்த அலைகளை அது தடுத்து வைக்கும். மூடி போட்ட பாத்திரத்துக்குள்ளிருந்து கொதிக்கிற சத்தம் மந்தமாகக் கேட்கும் அல்லவா, அதுதான் ஃபில்டர் மூடிய ஓசை. மூடியை விரற்கடை அளவு நகர்த்தினால் சலசலப்பு வெளியே வரும். ஒரு சுழற்சிக்கு ஒரு மயிரிழை என்று எட்டு நிமிடத்துக்கு மூடியைத் திறக்கிற பொறுமை வேண்டும். 2010 இல் வந்த 'தேர் இஸ் லவ் இன் யூ' ஆல்பத்தில் 'லவ் க்ரை' சுமார் ஒன்பது நிமிடம் ஓடுகிறது. அதில் குரல் வருவதற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். வந்ததும் காத்திருந்தது நியாயம்தான் என்று தோன்றும்.

தாளத்தில் இன்னொரு சூட்சுமம். கணினி அடிகளைக் கட்டம் போட்டு, இயந்திரம் வெட்டிய கேரட் மாதிரி சமமாக வைக்கும். ஆனால் ஜாஸ் டிரம்மர் ஒருவரின் இரண்டு நொடியை வெட்டி எடுத்தால், அவர் ஓர் அடியை இம்மி பிந்தி அடித்ததும் இன்னொன்றை முந்தி அடித்ததும் துண்டோடு சேர்ந்தே வந்துவிடும். உடம்பு ஆடுவது அந்தப் பிசகுக்குத்தான். ஹெப்டன் இதோடு நிற்கவில்லை. 2006 முதல், ஸ்டீவ் ரீட் என்ற மூத்த அமெரிக்க ஜாஸ் டிரம்மரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து தட்டுகள் வெளியிட்டார். முதலில் வந்த 'எக்ஸ்சேஞ்ச் செஷன்' தட்டுகளில் பிறகு சேர்த்தது, திருத்தியது எதுவும் கிடையாது. வெட்டித் திருத்திப் பழகியவருக்கு அது விருந்தாளிகள் பார்க்கத் தோசை வார்ப்பது மாதிரி. கல்லில் ஒட்டினால் எல்லோருக்கும் தெரியும். 2010 இல் ரீட் இறக்கும்வரை அந்தக் கூட்டு நீடித்தது.

இத்தனையும் அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், பள்ளியிலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். 1977 இல் பிறந்தவர். லண்டனின் பட்னி பகுதியில் எலியட் பள்ளியில் படிக்கும்போதே நண்பர்கள் இருவரோடு ஒரு குழு தொடங்கினார். குழுவின் பெயர் 'ஃப்ரிட்ஜ்'. சத்தியமாக இந்தக் கட்டுரைக்காக நான் வைத்த பெயர் இல்லை. பெரியல், ஹாட் சிப், தி எக்ஸ்எக்ஸ் என்று பிற்பாடு பேர் வாங்கியவர்களும் படித்த பள்ளி அது. 1998 இல் ஃபோர் டெட் என்ற பெயரில் முதல் தட்டு வந்தது. அதிலிருந்த பாட்டின் பெயர் ஆங்கிலத்தில் 'முப்பத்தாறு இருபத்தைந்து'. அது ஓடுகிற நேரமும் 36 நிமிடம் 25 நொடி. இருபது, இருபத்தொரு வயதில் முதல் விருந்துக்கே அண்டா ஏற்றியவர்.

பெரியம்மா குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். ஹெப்டனின் உள்ளங்கை, லண்டனின் ஷோர்டிச் பகுதியில் இருந்த 'பிளாஸ்டிக் பீப்பிள்' என்ற நிலவறை கிளப். சின்ன இடம், கும்மிருட்டு, ஊரறிந்த ஒலியமைப்பு. 'தேர் இஸ் லவ் இன் யூ' ஆல்பத்தின் பாட்டுகள் அரைவேக்காடாக இருக்கும்போதே அங்கே தட்டு சுழற்றும் இரவுகளில் அவற்றைப் போட்டுப் பார்ப்பார். எந்த இடத்தில் ஆட்டம் தளர்கிறது, எந்தச் சத்தம் வயிற்றில் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய் உப்பு சேர்ப்பார். வீட்டு ஸ்பீக்கரில் பதமாகக் கேட்கிற அடித்தொனி பெரிய ஸ்பீக்கரில் சேறாகிவிடுவது உண்டு. நாலு பேருக்கு வைக்கிற சாம்பாரின் அளவை நானூறால் பெருக்கினால் கல்யாணச் சாம்பார் ஆகாது என்று எந்த மாஸ்டரும் சொல்வார். அந்த கிளப் 2015 ஜனவரியில் மூடப்பட்டது. கடைசி இரவு தட்டு சுழற்றியவர்களில் ஹெப்டனும் ஒருவர்.

அதே 2015 இல்தான் 'மார்னிங்/ஈவ்னிங்' வந்தது. ஆல்பத்தில் இரண்டே பாட்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 நிமிடம். காலைப் பக்கத்தில், சீராகத் தட்டும் தாளத்துக்கு மேலே லதா மங்கேஷ்கர் பாடுகிறார். 1983 இல் வந்த 'சௌதன்' என்ற இந்திப் படத்திலிருந்து எடுத்த குரல். இதுவரை நறுக்குவதையும் உடைப்பதையும் சொல்லிக்கொண்டு வந்தேன் அல்லவா? இங்கே அவர் கத்தியை எடுக்கவே தயங்குகிறார். லதாவின் சங்கதிகள் முழுசாக, மூச்சு அறுபடாமல் வருகின்றன. குரல் அடங்கிய பிறகும் அந்த வாசனை இசைக்குள்ளேயே தங்கியிருக்கிறது. ஹெப்டனின் அம்மா தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண். நம்மைப் போன்றவர்களுக்கு லதா என்றால் ரேடியோவும் பக்கத்து வீடும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாக நினைவுக்கு வந்துவிடும். அந்தக் குரலைத் தனியாகக் கேட்க முடியாது. வார்த்தைக்குப் பொருள் தெரியாமல் இந்த 20 நிமிடத்தைக் கேட்டபோதுதான், அந்தக் குரல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வளைவை முதல்முறையாகக் கவனித்தேன்.

இனி பரிமாறுவது. 2001 இல் ஹெப்டன் 'டெக்ஸ்ட்' என்று சொந்தமாக ஒரு சின்ன இசை வெளியீட்டு லேபிள் தொடங்கினார். தன்னுடைய பெரிய ஆல்பங்களை அப்போது 'டொமினோ' என்ற லண்டன் நிறுவனத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். 2012 இல் 'பிங்க்' வந்த காலத்திலிருந்து தன் ஆல்பங்களுக்கும் டெக்ஸ்ட்தான். 2013 இல் 'பியூட்டிஃபுல் ரீவைண்ட்' வரும்போது முன்பதிவு கிடையாது, டிரெய்லர் கிடையாது என்று கிடையாதவற்றையே பட்டியல் போட்டு அறிவித்தார். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் 'இங்கு கடன் இல்லை, அரசியல் பேசாதீர்' என்று பலகை மாட்டிய ஹோட்டல்காரர்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்.

டொமினோவோடு வழக்கு வந்தது. 2001 இல் போட்ட ஒப்பந்தப்படி தட்டு விற்றால் கலைஞருக்கு 18 சதவீதம், பாட்டை வேறொருவருக்கு உரிமம் கொடுத்தால் 50 சதவீதம். அப்போது ஸ்ட்ரீமிங் இன்னும் பரவவில்லை. பிறகு ஊரே போனில் கேட்க ஆரம்பித்தபோது, ஒருவர் போனில் கேட்பது விற்பனையா உரிமமா என்ற கேள்வி வந்தது. தட்டு என்றால் அச்சடிக்க வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும், உடைந்தால் நஷ்டம். அதனால் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு. இலை போட்டுப் பரிமாறியதற்குச் சரி, வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டு வந்து வாங்கிப் போகிறவனுக்கும் இலைக்காசு பிடிப்பாயா என்பது ஹெப்டனின் வாதம் என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கு நடக்கும்போது, 2021 நவம்பரில், 'ரவுண்ட்ஸ்' உட்பட மூன்று ஆல்பங்களை டொமினோ ஸ்ட்ரீமிங்கிலிருந்து எடுத்தேவிட்டது. 2022 ஜூனில் சமரசம் ஆனது: 50 சதவீதம், பழைய பாக்கிக்கு 56,921 பவுண்டும் 8 பென்ஸும். அந்த 8 பென்ஸ் வரை எண்ணி வாங்கியது எனக்குப் பிடித்தது.

பிடித்தது என்றாலும் ஒரு நெருடல் இருக்கிறது. 'ரவுண்ட்ஸ்' ஆல்பத்தின் இருநூறு, முந்நூறு துண்டுகளில் எத்தனையோ கைகள் இருக்கின்றன. அந்த டிரம்மர்களில், நரம்பு மீட்டியவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு அந்தப் பங்கிலிருந்து ஏதாவது போயிருக்கும்? சந்தைக்காரிக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் பெரியம்மா கத்தரிக்காய் எடுத்து வருவார். சாம்ப்ளிங் இசையை எவ்வளவு ரசித்தாலும் இந்தக் கேள்வியை மென்று விழுங்க எனக்குத் தெரியவில்லை.

2023 பிப்ரவரியில் ஸ்க்ரிலெக்ஸ், ஃப்ரெட் அகெய்ன் என்ற எலக்ட்ரானிக் இசைக்காரர்கள் இருவரோடும் ஹெப்டன் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் வாசித்தார். இடம் நிரம்பி வழிந்தது. ஏப்ரலில் அதே மூவரும் கோச்செல்லா இசை விழாவின் கடைசி இரவை முடித்து வைத்தார்கள். இந்த அளவுக்குக் கூட்டம் சேர்ந்த பிறகு ஒரு பெயரை எல்லோரும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். இவரோ பெயர்களை இறைத்துக்கொண்டே இருக்கிறார். சில தட்டுகளில் இருப்பது 'கேஎச்' மட்டும். சிலவற்றில் 0, 1 எண்களாலான ஒரு நீள வரிசை; கணினி மொழியில் பிரித்தால் அது 4 என்ற எண்ணும் ஆங்கில டி எழுத்தும், ஃபோர் டெட்.

இன்னொரு பெயர் இருக்கிறது. யாராலும் உச்சரிக்க முடியாது, தட்டச்சு செய்யவும் முடியாது. உலகத்தின் பல எழுத்து வரிசைகளிலிருந்து சுழிகளையும் புள்ளிகளையும் பொறுக்கிக் கோத்த மாலை. திபெத்திய அடைப்புக்குறி, வங்காளக் குறிகள், ஜார்ஜிய எழுத்து என்று போகிற அந்த வரிசையின் நடுவில் நம்முடைய 'இ' உட்கார்ந்திருக்கிறது. இணையத்தில் முகக்குறி போடுகிறவர்கள் கண்ணீர் தளும்பும் கண்ணுக்கு அந்த எழுத்தை வெகுநாளாகப் பயன்படுத்துகிறார்கள். தமிழ் என்றே தெரியாதவர்களுக்கு அது ஒரு சுழி, கீழே ஒரு வளைவு. முதல் வகுப்பில் சிலேட்டில் அந்தச் சுழியை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நான் அழுதிருக்கிறேன். இப்போது போனில் அந்தப் பெயரைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். நடுவில் இருக்கிற அது இகரமாகத் தெரிய மறுக்கிறது, வெறும் வளைவாகத்தான் தெரிகிறது.